படகில் ஏறாத பையன்



மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் கடலூர் திரும்பினேன். "இங்கிலாந்து எப்படி இருந்தது டீச்சர்?" என்று கேட்ட எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. குளிர். எதை எடுத்தாலும் விலை. பேத்தி நன்றாகத் தமிழ் பேசுகிறாள், "ழ" மட்டும் வரவில்லை. அந்தக் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். இந்தப் பதிவு வேறு ஒரு விஷயம். நீளமாகப் போகும், நேரம் இருக்கும்போது படியுங்கள். படிக்காமலே கை கூப்பும் படம் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்துநாலு வருஷம் நோட்டுத் திருத்தியவள் நான்.

மகள் இருப்பது சவுத்தாம்ப்டன் பக்கம். ஒரு சனிக்கிழமை காலை மருமகன் ஒரு ஏரிக்கு அழைத்துப் போனார். வாத்துக்கு ரொட்டி போடலாம் என்று பேத்திக்கு ஆசை. அங்கே கரையில் ஏழெட்டு சக்கர நாற்காலிகள் நின்றன. எல்லாம் காலி. ஏதோ மருத்துவ முகாம் போல என்று நினைத்தேன். அப்புறம்தான் தண்ணீரைப் பார்த்தேன். சின்னச் சின்னப் பாய்மரப் படகுகள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தன. நாற்காலிக்காரர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

அப்போதுதான் ஒரு பெண் கரைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பெருமூளை வாதம், கையும் கழுத்தும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. அவளை அழைத்துச் செல்ல அங்கே ஒரு சின்ன பளு தூக்கி இருந்தது. நம் வீட்டுத் தூளி மாதிரி ஒரு துணியை அவளுக்கு அடியில் கொடுத்து, நான்கு மூலையையும் கொக்கியில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார்கள். நாற்காலியிலிருந்து மெல்ல எழும்பினாள், அந்தரத்தில் திரும்பினாள், படகு இருக்கையில் இறங்கினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவரும் "பாவம்" என்ற முகத்தோடு நிற்கவில்லை. தூளியைக் கழற்றிய பெரியவர் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டுத் தன் டீ ஃபிளாஸ்க்கைத் திறக்கப் போய்விட்டார். அவள் போய்விட்டாள். தனியாக.

பேத்தி வாத்தைத் தேடி ஓடிவிட்டாள். எனக்குக் கால் நகரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1992 ஜனவரி. ஐந்தாம் வகுப்பு சுற்றுலா. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு உப்பங்கழிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். மூன்று துடுப்புப் படகு வாடகைக்குப் பேசியிருந்தது. அந்த வகுப்பில் ஒரு பையன், இரண்டு வயதில் போலியோ வந்தவன், வலது காலில் காலிப்பர். பெயர் சொல்லப் போவதில்லை. அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களும் கமெண்டில் சொல்ல வேண்டாம். அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

படகுத்துறையில் பாசி பிடித்த நாலு படி. படகோட்டி அவனைப் பார்த்துவிட்டு, "நான் தூக்கி வெச்சிடறேன் டீச்சர்" என்றார். வேண்டாம் என்று சொன்னது நான். "கண்ணு, நீ இந்தப் பூவரச மரத்தடியில உட்கார்ந்து சாப்பாட்டு மூட்டையைப் பார்த்துக்கோ. காக்கா வந்துடும்" என்றேன். "சரி டீச்சர்" என்றான். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது புளியோதரைப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். எல்லார் முன்னாலும் "சமத்துப் பிள்ளை" என்று அவனைத் தட்டிக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு பிள்ளையையும் ஆபத்தில் விடாமல் கூட்டி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. அந்த ஏரிக்கரையில்தான் உடைந்தது. அன்றைக்கு எனக்கு இருந்தது என் வேலையைப் பற்றிய பயம். அதை அக்கறை என்று பெயர் வைத்து அவன் தலையில் கட்டினேன்.

அந்தப் படகு எப்படிக் கவிழாமல் இருக்கிறது என்று டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவரிடமே போய்க் கேட்டேன். ஓய்வு பெற்ற பிளம்பராம். சனிக்கிழமை தோறும் சும்மா வந்து உதவுகிறவர். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் சந்திக்கக் கொஞ்ச நேரம் ஆனது, நடுவில் மருமகன் நின்றார். கரைமேல் இழுத்து வைத்திருந்த ஒரு படகைக் காட்டி விளக்கினார்.

அதன் பெயர் ஹான்சா 303. ஆஸ்திரேலியாவில் கிறிஸ் மிட்செல் என்பவர் வடிவமைத்தது. முன்பு அக்சஸ் டிங்கி என்பார்கள். 303 என்றால் 3.03 மீட்டர் நீளம். நடுவில் கத்தி மாதிரி தண்ணீருக்குள் இறங்கும் பலகையின் நுனியில் கனம் வைத்திருக்கிறது. தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்தால் நிமிர்கிறதே, அதே கணக்கு. சாதாரணப் பாய்ப் படகில் விளிம்பில் உட்கார்ந்து, காற்று அடிக்க அடிக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவ வேண்டும். இதில் தாவவே வேண்டாம். அடியில், தொட்டிலில் இருப்பது போல, முன்பக்கம் பார்த்து உட்காருகிறார்கள். சுக்கானைத் திருப்ப முழங்காலுக்கு நடுவே ஒரு குச்சி. வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகும். காற்று கூடினால் பாயை மரத்தைச் சுற்றியே பாய் சுருட்டுவது போலச் சுருட்டிச் சின்னதாக்கிக்கொள்ளலாம். கையில் பலமே இல்லாதவர்களுக்குக் குச்சியைத் தொட்டால் மோட்டார் இழுக்கிற ஏற்பாடும் உண்டு.

கண் தெரியாத ஒருவரும் அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பார்வையுள்ள ஒருவர் "இடப்பக்கம் மிதவை" என்கிற அளவுக்கு மட்டும் சொல்லுவார். காற்று எங்கிருந்து வருகிறது என்பதை ஓட்டுகிறவர் கன்னத்தாலும் காதோரத்தாலும் தெரிந்துகொள்கிறார். "எங்களை விட அவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார், நாங்கள்தான் கண்ணை நம்பி ஏமாறுவோம்" என்றார் பிளம்பர். நம் கட்டுமரக்காரர்கள் ராத்திரியில் கடலுக்குப் போனதும் இப்படித்தானே என்று மருமகனிடம் சொன்னேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

ஊர் திரும்பும் வரை தினமும் இதைப் பற்றி மருமகனைத் தேடச் சொல்லிப் படித்தேன். அதில் ஹிலாரி லிஸ்டர் என்ற பெண்ணின் கதையை என்னால் மறக்க முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உயிர்வேதியியல் படித்தவர். பதின்ம வயதில் தொடங்கிய நரம்பு நோய் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத நிலை. 2003-ல் ஒரு நண்பர் அவரைப் பாய்மரப் படகில் ஏற்றினார். இரண்டே வருஷத்தில், 2005-ல், ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடந்தார். எப்படி? வாய்க்கு எதிரே உறிஞ்சுகுழல்கள். ஊதினால் சுக்கான் ஒரு பக்கம், உறிஞ்சினால் மறுபக்கம். பாய்க்கு வேறு குழல். 2009-ல் பிரிட்டனையே சுற்றி வந்தார். 2014-ல் நஷ்வா அல் கிண்டி என்ற ஓமான் நாட்டுப் பெண்ணோடு நம் மும்பையில் கிளம்பி அரபிக் கடலைத் தாண்டி மஸ்கட் போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். 2018-ல் இறந்தபோது 46 வயதுதான்.

நம் நாட்டுக் கரையிலிருந்துதான் கிளம்பியிருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது. அந்த வருஷம் நான் பள்ளியில் பொது அறிவு வினாடி வினா நடத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

மாற்றுத்திறனாளிகளைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டி இறக்கிவிடுவது போதாது. உலக மாற்றுத்திறனாளிகள் தினம் டிசம்பர் 3-ல் வரும். அன்றைக்கு நல்ல மனதுள்ளவர்கள் நாற்பது பேரை அழைத்துப் போய், நடுவில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். நானே அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு நன்கொடை கொடுத்திருக்கிறேன். இனிமேல் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பேன். சுக்கான் யார் கையில்?

அந்த ஏரியில் எனக்கு உறைத்தது அதுதான். அந்தப் பெண்ணைக் காலையில் யாரோ எழுப்பியிருப்பார்கள், யாரோ பல் தேய்த்துவிட்டு, யாரோ சாப்பாடு ஊட்டி, யாரோ வண்டியில் ஏற்றியிருப்பார்கள். நாள் முழுக்க அடுத்தவர் கை. தண்ணீரில் இருந்த அந்த ஒரு மணி நேரம் அவள் வலது என்றால் வலது, இடது என்றால் இடது. நடுவில் காற்று செத்துப் படகு நின்றுவிட்டது. பாதுகாப்புப் படகில் இருந்த பையன் கிட்டப் போய் "இழுத்துவிடவா?" என்றான். தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டாள். அவனும் விலகிப் போனான். தப்பாகத் திருப்பிச் சேற்றில் மாட்டுகிற உரிமையும் அதில் அடக்கம். வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டுப் பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் கணக்கு வந்ததில்லை.

பாராலிம்பிக்ஸிலும் இந்த விளையாட்டு இருந்தது. 1996 அட்லாண்டாவில் காட்சி விளையாட்டாக, 2000 சிட்னி முதல் பதக்க விளையாட்டாக. 2016 ரியோவோடு எடுத்துவிட்டார்கள். போதுமான நாடுகளில் இந்த விளையாட்டு இல்லை என்பதுதான் காரணம். அந்த "போதாத நாடுகள்" பட்டியலில் நம் பெயரும் இருக்கும்தானே? தமிழ்நாட்டுக்கு மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்ஸில் பாய்மரப் படகு ஓட்டினார். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் ஓட்டினார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, கடல் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

இதில் திறமைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. பிரான்ஸில் டாமியன் செகன் என்பவர் பிறக்கும்போதே இடது கை இல்லாதவர். பாராலிம்பிக்ஸில் 2004-லும் 2016-லும் தங்கம் வாங்கினார். அதோடு விடவில்லை. எங்கும் நிற்காமல், உதவி வாங்காமல், தனி ஆளாக உலகத்தைச் சுற்றும் வாந்தே குளோப் என்ற போட்டியில் 2020-ல் கிளம்பி ஏழாவதாக வந்தார். இரண்டு கையும் உள்ளவர்கள் அவருக்குப் பின்னால் வந்தார்கள்.

என் தம்பி இதைப் படித்தால் என்ன கேட்பான் என்று தெரியும். போனிலேயே கேட்டுவிட்டான். "அக்கா, பஸ்ஸில் ஏற வழியில்லை, ஸ்கூல் கக்கூஸுக்குப் போக வழியில்லை, இதில் கப்பல் விடக் கிளம்பிட்டியா?"

நியாயமான கேள்விதான். கழிப்பறைதான் முதலில் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் அந்தப் பையனுக்காக ஒரு கைப்பிடி வைக்க நாலு வருஷம் மனு எழுதினேன், அவன் எட்டாவது முடித்துப் போன பிறகு வைத்தார்கள். ஆனால் "முதலில் அது, அப்புறம் இது" என்ற வரிசையை நான் என் காலத்தில் வேறு இடத்திலும் பார்த்திருக்கிறேன். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். கையெழுத்துப் போடவே தெரியாதவளுக்குச் சைக்கிள் எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்தை முன்னால் கட்டி, பிள்ளையைப் பின்னால் வைத்து ஓட்டினார்கள். சைக்கிள் வந்த பிறகுதான் பல பேர் இரவு வகுப்புக்கே ஒழுங்காக வந்தார்கள் என்று அங்கே வேலை பார்த்த என் தோழி சொல்வாள். சந்தோஷத்தைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தால் அதன் முறை வரவே வராது தம்பி.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் 30-வது பிரிவு முழுக்க விளையாட்டைப் பற்றித்தான். விளையாடும் இடங்களை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைப்பதும் அரசின் பொறுப்பு என்கிறது.

2022 நவம்பரில் மெரினாவில் மணலின் மேல் மரப்பாதை போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? சக்கர நாற்காலியில் அலை வரைக்கும் போனவர்கள் அழுததை டிவியில் பார்த்து நானும் அழுதேன். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. திரும்பச் சரி செய்தார்கள். அதைச் செய்தவர்களுக்கு என் நன்றி எப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பாதை கடலைப் பார்க்கும் இடத்தில் முடிகிறது. பூவரச மரத்தடியில் உட்கார்ந்து அவனும் அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அதனால் அடுத்த அடி படகுத்துறை. அந்தப் பிளம்பர் சொன்னதில் நான் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தது இது. படகு வாங்குவது பெரிய விஷயமில்லையாம். கரைக்கும் படகுக்கும் நடுவே இருக்கிற ஒரு மீட்டர்தான் எல்லாம். சிமென்ட் படி கட்டினால் தண்ணீர் ஏறினால் ஒரு உயரம், இறங்கினால் ஒரு உயரம். மிதவை மேடை போட்டால் தண்ணீரோடு அதுவும் ஏறி இறங்கும், படகும் மேடையும் எப்போதும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். மேடைக்கு இறங்கும் சரிவு செங்குத்தாக இருக்கக் கூடாது. ஓரத்தில் சக்கரம் உருளாமல் ஒரு வரம்பு. அந்தப் பளு தூக்கி. பக்கத்தில் அகலமான கதவுள்ள ஒரு கழிப்பறை (தம்பி, பார்த்தாயா, கழிப்பறை வந்துவிட்டது).

நம் ஊருக்கு என்று சில கவனங்கள் வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடு இறங்காது. ஆகவே விடியற்காலையில் ஓட்டி எட்டரை மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் இருக்கை அழுத்திப் புண் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது, நல்ல மெத்தை கட்டாயம். எந்தக் காரணத்துக்காகவும் ஆளைப் படகோடு முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. பாசத்தில் நம் ஆட்கள் முதலில் செய்யப் போவது அதுவாகத்தான் இருக்கும். சாய்ந்து உட்கார ஆதரவு வேண்டுமென்றால் ஒரே இழுப்பில் விடுபடும் பட்டை. எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், கூடவே ஒரு பாதுகாப்புப் படகு. இவை இல்லாமல் ஆர்வத்தில் யாரும் இறங்கிவிடாதீர்கள்.

பணம்? அது பெரிய கேள்விதான், மறைக்க மாட்டேன். பிரிட்டனில் ஜூபிலி செயிலிங் டிரஸ்ட் என்று ஒரு அறக்கட்டளை லார்ட் நெல்சன், டெனேஷியஸ் என்று இரண்டு பெரிய பாய்க் கப்பல்களே கட்டி ஓட்டியது. சக்கர நாற்காலியோடு ஆளைப் பாய்மரத்தில் ஏற்றுவார்கள். பார்வையில்லாதவர்களுக்குப் பேசும் திசைகாட்டி. முடிந்தவரும் முடியாதவரும் ஒன்றாகச் சேர்ந்துதான் கப்பலை ஓட்டுவார்கள். 2023 கடைசியில் பணமில்லாமல் அதை மூட வேண்டி வந்தது. அந்த ஊரிலேயே அப்படி. அதனால்தான் நான் கப்பல் கேட்கவில்லை. ஒரு உப்பங்கழி, ஒரு மிதவை மேடை, இரண்டு சின்னப் படகு.

மனு எழுதியிருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கப் போகிறேன். நீங்கள் செய்யக்கூடியது: பழைய துறைமுகத்தில் ஃபைபர் படகு செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள், எனக்குப் போன் போடுங்கள். படகைப் பார்த்த மாத்திரத்தில் அடித்துவிடக் கூடாது, கவிழாத கணக்குப் போடத் தெரிந்த இன்ஜினியர் வேண்டும். 2001 பேட்ச்சில் ஒருத்தி கப்பல் கட்டுமானம் படித்தாள், எங்கே இருக்கிறாய் கண்ணு? பிசியோதெரபி படித்தவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். வாராவாரம் ஒரு விடியற்காலை கொடுக்க முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். உற்சாகத்தில் இன்றைக்கே சொல்ல வேண்டாம்.

ஊருக்கு வந்த இரண்டாம் நாள் அவனுக்குப் போன் செய்தேன். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், இரண்டு பிள்ளைகள். நான் 1992 என்று ஆரம்பித்ததுமே சிரித்தான்.

"நாப்பத்தோரு பொட்டலம் டீச்சர். ரெண்டு தரம் எண்ணினேன்."

மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் விடுங்க டீச்சர் என்றான். விட்டுவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை, அதையும் கவனித்தேன். அந்தப் படகைப் பற்றிச் சொன்னேன், தலையாட்டிப் பொம்மை, குச்சி எல்லாம். கொஞ்ச நேரம் ஜெராக்ஸ் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"பக்கத்துல யாராவது உட்கார்ந்தே ஆகணுமா டீச்சர், இல்ல தனியா விடுவாங்களா?"

இரண்டு இருக்கை உண்டு, பழகிய பிறகு தனியாகவும் ஓட்டலாம் என்றேன்.

"அப்ப முதல் தடவை நீங்க பக்கத்துல உட்காருங்க. குச்சி என்கிட்ட இருக்கட்டும்."

எனக்கு நீச்சல் தெரியாது. அறுபத்தாறு வயது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். சரி என்று சொல்லிவிட்டேன்.